பழைய வருத்தத்துக்குப் பின்னால் ஒளியும் காசநோய்

காசநோய் என்றதும் எங்கள் சனத்தின் மனதில் வருவது ஒரே ஒரு உருவம்: எலும்பும் தோலுமாய் ஒருவர், மாதக்கணக்கான இருமல், துணியில் இரத்தம். அப்படி ஒருவர் இலங்கையின் வன்னியில், கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ, ஆஸ்பத்திரிக்குப் போனால் முதலில் சளியைத்தான் கேட்பார்கள். நான் எழுத நினைப்பது மற்ற ஆட்களைப் பற்றி. பத்துப் பதினைந்து வருடமாகச் சீனி வருத்தத்துக்குக் குளிசை போடுபவர், கிழமைக்கு இரண்டு மூன்று தரம் டயலிசிஸுக்குப் போய்வருபவர், மூட்டு வருத்தத்துக்கோ தொய்வுக்கோ மாதக்கணக்கில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீரொய்ட் குளிசை எடுப்பவர், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருப்பவர். இவர்களில் ஒருவருக்கு நுரையீரலில் காசநோய் வந்தால் அது பெரும்பாலும் நாங்கள் எதிர்பார்க்கும் முகத்தோடு வருவதில்லை. கொஞ்சம் இருமல் இருக்கும், அல்லது அதுகூட இருக்காது. களைப்பு இருக்கும், சாப்பாட்டில் மனம் இருக்காது, உடம்பு மெலியும், பின்னேரத்தில் உடம்பு இலேசாகச் சுடும். எல்லாவற்றுக்கும் பழைய வருத்தம்தான் காரணம் என்று வீட்டில் முடிவெடுத்துவிடுவார்கள், சிலவேளை கிளினிக்கிலும் அப்படித்தான் நினைப்பார்கள். அந்தப் பிந்தல்தான் ஆளைக் கொண்டுபோகிறது.

முதலில் கிருமி உடம்புக்குள் என்ன செய்கிறது என்பதைப் பார்ப்போம், அது விளங்கினால்தான் மற்றது விளங்கும்.

காசநோய்க் கிருமியை ஜேர்மன் வைத்தியர் ரொபேர்ட் கோக் 1882 மார்ச் 24இல் உலகுக்கு அறிவித்தார். மிக மெதுவாகப் பெருகும் கிருமி இது. வயிற்றோட்டக் கிருமிகள் சில 20 நிமிடத்தில் இரண்டாகும், இது இரண்டாக 15 முதல் 20 மணித்தியாலம் எடுக்கும். காற்றோடு நுரையீரலுக்குள் போனதும் அங்குள்ள வெள்ளைக் கலங்கள் அதை விழுங்குகின்றன. விழுங்கினாலும் எல்லாவற்றையும் கொல்ல முடிவதில்லை, மிச்சக் கிருமி கலத்துக்குள்ளேயே உயிரோடு கிடக்கும். அப்போது வேறு கலங்கள் வந்து சுற்றி ஒரு கட்டியை உண்டாக்கி அதை அடைத்துவைக்கும். பெரும்பாலானவர்களுக்குக் கதை அந்த இடத்தில் நின்றுவிடும். நோய் இல்லை, இருமல் இல்லை, மற்றவருக்குத் தொற்றுவதும் இல்லை. உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் ஏதோ ஒரு காலத்தில் இந்தக் கிருமி தொற்றியவர் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது; அவர்களில் வாழ்நாளில் நோயாளியாவோர் 100 பேருக்கு 5 முதல் 10 பேர்தான்.

வன்னியில் யானை வேலியைத் தெரியாத ஆள் இல்லை. கட்டையும் கம்பியும் நின்றால் மட்டும் போதாது, கம்பியில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மின்சாரம் நின்ற இரவில் வேலி அப்படியே நிற்கும், யானை உள்ளே வந்துவிடும். நுரையீரலில் உள்ள அந்தக் கட்டியும் அப்படித்தான். ஒருமுறை கட்டிவிட்டு மறந்துபோகிற சுவர் இல்லை அது. சிடி4 என்ற வெள்ளைக் கலங்களும், உடம்பு சுரக்கும் இன்டர்ஃபெரோன் காமா, டிஎன்எஃப் போன்ற பொருட்களும் ஒவ்வொரு நாளும் வேலை செய்துகொண்டிருந்தால்தான் கிருமி உள்ளே கிடக்கும். எச்ஐவி சிடி4 கலங்களை அழிக்கிறது. பிரெட்னிசோலோன் இந்தக் கலங்களின் வேலையை அடக்குகிறது. நீடித்த உயர் சீனி அவற்றை மந்தமாக்குகிறது. சிறுநீரகம் செயலிழந்து இரத்தத்தில் கழிவு தேங்கினாலும் அதே கதைதான். பட்டினியும் அதைத்தான் செய்கிறது.

இதற்கு நல்ல சாட்சி 2001இல் அமெரிக்காவில் வெளியான ஒரு அறிக்கை. மூட்டுவாதத்துக்கும் குடல் அழற்சிக்கும் இன்ஃபிளிக்ஸிமாப் என்ற புதிய மருந்து வந்திருந்தது, டிஎன்எஃப் ஒன்றை மட்டும் அடக்கும் மருந்து. அதைப் பெற்றவர்களில் 70 பேருக்குக் காசநோய் வந்த விபரம் அந்த அறிக்கையில் இருந்தது. பாதிப் பேருக்கு மருந்து தொடங்கி 12 கிழமைக்குள்ளேயே நோய் வெளிப்பட்டிருந்தது. அரைவாசிக்கு மேற்பட்டவர்களுக்கு நுரையீரலுக்கு வெளியே, நிணநீர்க் கட்டி, வயிறு, நெஞ்சுறை என்று பரவியிருந்தது. இவ்வளவு வேகமாக வந்ததைப் பார்த்தால், பலருக்கு உள்ளே தூங்கிக்கிடந்த கிருமிதான் எழும்பியிருக்கிறது என்பது தெளிவு. இன்று அந்த வகை மருந்து தொடங்கமுதல் காசநோய்ப் பரிசோதனை செய்வது உலகம் முழுதும் வழக்கம்.

சரி, வன்னிக்கு வருவோம். இங்கே யார் இந்த ஆபத்தில் இருக்கிறார்கள்?

காசநோயும் பலவீனமான எதிர்ப்புச் சக்தியும் என்று எங்கே வாசித்தாலும் எச்ஐவி பற்றித்தான் பெரும்பகுதி இருக்கும். அது ஆபிரிக்காவின் தென்பகுதிக்குச் சரி. இலங்கையில் எச்ஐவி மிகக் குறைவு. எங்களுக்குப் பெரிய காரணம் சீனி வருத்தம் என்பது என் கருத்து, அதற்குக் கணக்கு எளிது. சீனி வருத்தம் காசநோய் வரும் வாய்ப்பை 2 முதல் 3 மடங்குதான் கூட்டுகிறது. எச்ஐவியோடு ஒப்பிட்டால் அது சின்ன எண். ஆனால் இலங்கையில் வயது வந்தவர்களில் ஏறத்தாழ 5 பேரில் ஒருவருக்குச் சீனி வருத்தம் இருக்கிறது. சின்னப் பெருக்கம் மிகப் பெரிய கூட்டத்தின் மேல் விழும்போது நோயாளிகளின் எண்ணிக்கை பெரிதாகத்தான் வரும். இலங்கையில் ஆண்டுக்குச் சுமார் 8,000 முதல் 9,000 காசநோயாளிகள் பதிவாகிறார்கள், உண்மையில் நோயுற்றவர்கள் அதைவிட அதிகம் என்றே உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. கண்டுபிடிக்கப்படாத மிச்சப் பேரில் சீனி வருத்தக்காரர் கணிசமாக இருப்பார்கள் என்று நினைக்க எல்லா நியாயமும் உண்டு.

சீனி வருத்தத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மெலிவு, களைப்பு, இரவில் நித்திரையில்லாமை எல்லாம் சீனி கூடினாலும் வரும், காசநோய் வந்தாலும் வரும். அதோடு காசநோய் வந்தால் சீனியே கூடும், உடம்பில் எந்தக் கிருமி வந்தாலும் சீனி ஏறத்தான் செய்யும். ஆகவே கிளினிக்கில் சீனி கூடியிருக்கிறது, ஆள் மெலிந்திருக்கிறார் என்றால் குளிசையைக் கூட்டிவிட்டு ஒரு மாதம் கழித்து வரச்சொல்வது இயல்பாக நடக்கும். அந்த ஒரு மாதம் கிருமிக்குக் கிடைத்த மாதம். நல்ல கட்டுப்பாட்டில் இருந்த சீனி காரணமில்லாமல் ஏறுகிறது, சாப்பாடும் குளிசையும் மாறவில்லை என்றால், அந்த இடத்தில் ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் கேட்பதில் பிழையே இல்லை.

அடுத்தது கிட்னி வருத்தம். காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் வவுனியாவையும் முல்லைத்தீவின் சில பகுதிகளையும் விட்டுவைக்கவில்லை, வயலில் வேலை செய்தவர்கள்தான் அதில் அதிகம். டயலிசிஸில் இருப்பவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு சாதாரண ஆளைவிடப் பல மடங்கு. அவர்களுக்குச் சாப்பாடு பிடிக்காமை, வாந்தி வரும்போலிருத்தல், மெலிவு, இலேசான காய்ச்சல் எல்லாம் கிட்னி வருத்தத்தின் வழமையான தொல்லைகள் என்று ஏற்கனவே பழகிப்போயிருக்கும். காசநோயும் பலவேளை நுரையீரலை விட்டு நெஞ்சுறையில் நீராகவோ கழுத்துக் கட்டியாகவோ வரும். டயலிசிஸ் அறையில் ஒரே கூரையின்கீழ் மணிக்கணக்கில் பலர் படுத்திருப்பார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள், ஒருவருக்குப் பிடிபடாத காசநோய் இருந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் எல்லோரும் எதிர்ப்புக் குறைந்தவர்கள்.

பிரெட்னிசோலோன் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். நாளொன்றுக்கு 15 மில்லிகிராமோ அதற்கு மேலோ ஒரு மாதத்துக்கு மேல் எடுத்தால் காசநோய் எழும்பும் ஆபத்துக் கூடுகிறது என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு. வைத்தியர் தேவை பார்த்துத் தருவது வேறு. தொய்வுக்கும் மூட்டு நோவுக்கும் போன வருட மருந்துத் துண்டைக் காட்டியோ துண்டே இல்லாமலோ பாமசியில் வாங்கி, சுகமாயிருக்கிறது என்று மாதக்கணக்கில் போடுவது வேறு. இந்தக் குளிசை காய்ச்சலையும் நோவையும் அடக்கும், பசியைக் கூட்டும், ஆளுக்கு ஒரு தெம்பைத் தரும். உள்ளே நோய் பரவிக்கொண்டிருக்கும்போது வெளியே சுகம்போலத் தெரிவதால்தான் இது ஆபத்து. அப்படி எடுத்துக்கொண்டிருப்பவர்கள் இதை வாசித்துவிட்டுச் சடுதியாக நிறுத்தவும் கூடாது, நீண்டநாள் எடுத்தவர் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். வைத்தியரிடம் உண்மையைச் சொல்லிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

புற்றுநோய்க்குத் தெல்லிப்பழைக்கோ மகரகமவுக்கோ போய்வருபவர்கள், குவாரியில் கல்தூசு சுவாசித்து நுரையீரல் பழுதானவர்கள், நாளும் கசிப்புக் குடிப்பவர்கள், புகைப்பவர்கள், முதியவர்கள், எல்லோரும் இந்தப் பட்டியலில் வருவார்கள். பட்டினியும் இதில் சேரும். 2022 பொருளாதார நெருக்கடியில் எத்தனையோ வீடுகளில் ஒரு நேரச் சாப்பாடு குறைந்தது, புரதம் முதலில் குறைந்தது. இந்தியாவின் ஜார்க்கண்டில் செய்து 2023இல் வெளியிட்ட ஒரு ஆய்வு எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு. காசநோயாளியின் வீட்டில் உள்ள மற்றவர்களுக்கு மாதாமாதம் அரிசி, பருப்பு, விற்றமின் என்று உலர் உணவு கொடுத்தார்கள். அப்படிப் பெற்ற வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது ஏறத்தாழ 40 வீதம் குறைந்தது, நுரையீரல் காசநோய் ஏறத்தாழ பாதியானது. அந்த மாற்றத்தைக் கொண்டுவந்தது சாப்பாடுதான்!

வன்னிக்கென்றே சில விடயங்கள் உண்டு, அவற்றைத் தொடாமல் இந்தக் கட்டுரை முழுமையாகாது. 2009இல் போரின் முடிவில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட சனம் செட்டிகுளம் மெனிக் பாமிலும் மற்ற முகாம்களிலும் கூடாரத்துக்குள் நெருங்கிக் கிடந்தார்கள், அதற்கு முன் மாதக்கணக்கில் பங்கருக்குள். மெனிக் பாம் 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது. நெருக்கம், பசி, காற்றோட்டம் இல்லாமை என்பவை இந்தக் கிருமி பரவ வேண்டிய அத்தனை நிலைமைகளும். தொற்றிய முதல் இரண்டு வருடத்தில்தான் நோய் வரும் வாய்ப்பு மிக அதிகம், பிறகு குறையும், ஆனால் ஒருபோதும் இல்லாமல் போவதில்லை. எப்போது தொற்றியது என்று சொல்லும் பரிசோதனை எதுவும் இல்லை. அன்று 40 வயதில் இருந்தவர் இன்று 55ஐத் தாண்டிவிட்டார், சீனியும் பிரஷரும் வரும் வயது. அன்று அடைபட்ட கிருமி இன்று திறந்துகொள்ள அது போதும்.

இன்னொன்று, போரில் பட்ட செல் துண்டை நெஞ்சில் வைத்துக்கொண்டு வாழும் ஆட்கள். காயம் ஆறிய தழும்பும் இரும்புத் துண்டும் எக்ஸ்ரேயில் தெரியும். அப்படி ஒருவருக்கு இருமலோ சளியில் இரத்தமோ வந்தால், அந்தத் துண்டின் வேலைதான் என்று அவரே முடிவெடுத்துவிடக்கூடும். துண்டு காரணமாக இருக்கலாம்தான். சளியைப் பார்த்த பிறகு அதைச் சொன்னால் நல்லது.

இனி, ஏன் பரிசோதனையும் ஏமாற்றுகிறது என்பதைப் பார்ப்போம். நுரையீரலின் மேற்பகுதியில் குழி விழுவது காசநோயின் பழக்கமான அடையாளம், எக்ஸ்ரேயில் வைத்தியர் முதலில் தேடுவதும் அதைத்தான். அந்தக் குழியை உண்டாக்குவது கிருமி தனியே இல்லை. உடம்பு கிருமியோடு மூர்க்கமாகச் சண்டைபிடிப்பதால் அந்த இடம் அழிந்து குழியாகிறது. எதிர்ப்பு மிகவும் குறைந்தவருக்குச் சண்டை இல்லை, ஆகவே குழியும் இல்லை. கீழ்ப்பகுதியில் சாதாரண நிமோனியாபோல ஒரு நிழல், நடு நெஞ்சில் வீங்கிய நிணநீர்க் கட்டிகள், அல்லது தினைபோல இரண்டு பக்கமும் பரவிய புள்ளிகள் தெரியலாம். எச்ஐவி முற்றியவர்களில் சிலருக்கு எக்ஸ்ரே சுத்தமாகவே இருக்கும், ஆனால் சளியில் கிருமி இருக்கும். சீனி வருத்தக்காரருக்கு இரண்டு விதமும் நடக்கும்: குழி பல விழலாம், நிழல் கீழ்ப்பகுதியிலும் வரலாம். முதியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் போகலாம்.

குழி இல்லையென்றால் சளியில் வரும் கிருமியும் குறைவு. நுணுக்குக்காட்டியில் பார்த்துச் சொல்ல ஒரு மில்லிலீற்றர் சளியில் 5,000 முதல் 10,000 கிருமியாவது வேண்டும். சளியில் ஒன்றுமில்லை என்று வந்த முடிவுக்கு, நுணுக்குக்காட்டியின் கண்ணுக்குப் படும் அளவுக்கு இல்லை என்பது மட்டும்தான் பொருள். கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன் எக்ஸ்பேர்ட் இயந்திரத்துக்கு அதே அளவு சளியில் 130 அளவு கிருமி போதும், இரண்டு மணித்தியாலத்தில் முடிவும் வரும், ரிஃபாம்பிசின் என்ற முக்கிய மருந்துக்குக் கிருமி மசியுமா என்பதையும் சேர்த்துச் சொல்லும். 2010இல் உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைத்தது, இலங்கையிலும் பாவனையில் இருக்கிறது. எதிர்ப்புக் குறைந்தவருக்கு முதல் பரிசோதனையே அதுவாக இருக்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வேன். சளியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை இன்னும் நுண்ணியது, ஆனால் கிழமைக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

கையில் ஊசி போட்டு மூன்றாம் நாள் தடிப்பை அளக்கும் மான்டூ பரிசோதனை உடம்பின் எதிர்ப்பை நம்பியது. எதிர்ப்பே இல்லாதவர் கையில் தடிப்பு வராது. அதனால்தான் எச்ஐவி உள்ளவர்களுக்கும் மாற்று உறுப்புப் பெற்றவர்களுக்கும் 5 மில்லிமீற்றர் தடிப்பையே தொற்றாகக் கணக்கெடுக்கிறார்கள், மற்றவர்களுக்குப் பொதுவாக 10. தடிப்பு வரவில்லை என்று யாராவது நிம்மதியாகப் போனால் அது பொய் நிம்மதியாக இருக்கக்கூடும். பிறந்ததும் இடது தோளில் போட்ட பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசியின் தழும்பைக் காட்டி எனக்கு வராது என்பதும் அப்படித்தான். அந்த ஊசி குழந்தைகளை மூளைக் காசநோய்போன்ற கொடிய வகைகளில் இருந்து காப்பாற்றுகிறது, 50 வயதுக்காரரின் நுரையீரலைக் காப்பாற்றும் என்று நம்ப முடியாது.

சளி கொடுப்பதிலும் ஒரு விடயம் உண்டு. எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் எந்த இயந்திரமும் ஒன்றும் கண்டுபிடிக்காது. காலையில் எழும்பி வாயை வெறும் தண்ணீரால் கொப்பளித்து, ஆழமாக மூச்சிழுத்து நெஞ்சின் அடியிலிருந்து இருமி வரும் கட்டிச் சளி வேண்டும். அதை வீட்டுக்குள் செய்யாமல் முற்றத்தில் செய்ய வேண்டும். சளியே வராதவருக்கு உப்புநீரை ஆவியாகச் சுவாசிக்கவைத்துச் சளியை வரவழைப்பார்கள், தேவைப்பட்டால் குழாய் விட்டும் எடுப்பார்கள்.

நிமோனியா என்று மருந்து தந்து சரிவராமல் போகும் சம்பவம் நிறைய. அதில் லெவோஃப்ளோக்சசின், சிப்ரோஃப்ளோக்சசின் வகை மருந்துகள் தனி ஆபத்து: அவை காசநோய்க் கிருமியையும் கொஞ்சம் அடக்கும். ஆள் ஒரு கிழமை சுகமாக இருப்பார், பிறகு திரும்ப வரும், இடையில் எடுத்த சளியில் கிருமி அகப்படாமலும் போகும். இந்த வகையைப் பாமசியில் கேட்டு வாங்கவே கூடாது.

இரண்டு கிழமைக்கு மேல் இருமல் இருந்தால் சளியைப் பாருங்கள் என்று சுகாதாரப் பகுதியினர் சொல்வது பொதுச் சனத்துக்கான அளவுகோல். எச்ஐவி உள்ளவருக்கு அந்த இரண்டு கிழமைக் கணக்கு இல்லை. இருமல் எத்தனை நாளாக இருந்தாலும், காய்ச்சல், மெலிவு, இரவு வேர்வை இவற்றில் எது இருந்தாலும் பார்க்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். டயலிசிஸில் இருப்பவருக்கும், பிரெட்னிசோலோன் எடுப்பவருக்கும், கட்டுப்பாடில்லாத சீனி உள்ளவருக்கும் நாங்கள் அதே கண்ணோடு பார்ப்பதுதான் பாதுகாப்பு. எச்ஐவி உள்ளவர்களின் உடல்களைப் பிரேத பரிசோதனை செய்த பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, காசநோய் இருந்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு அது உயிரோடிருக்கையில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கவில்லை. இருமலை மட்டும் காத்திருப்பதன் விலை அது.

சிகிச்சை இருக்கிறது, இலவசம், பெரும்பாலானவர்கள் முற்றாகச் சுகமாகிறார்கள். மாவட்டத்துக்கு ஒரு மார்பு நோய்ச் சிகிச்சை நிலையம் உண்டு, சனம் செஸ்ட் கிளினிக் என்று சொல்லும். முதல் 2 மாதம் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட், எதாம்புடோல் என்ற நான்கும், பிறகு 4 மாதம் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின் இரண்டும் மட்டும். வேறு வருத்தம் உள்ளவருக்கும் மருந்து இதேதான். சிக்கல் எங்கே என்றால், ஏற்கனவே போடும் குளிசைகளோடு இவை மோதும். துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ இருந்து ஒருவர் சீனிக் கிளினிக்குக்கு ஒரு நாள், செஸ்ட் கிளினிக்குக்கு இன்னொரு நாள், இரண்டு பஸ் ஏறி, ஒரு நாள் கூலியை விட்டுப் போகிறார். இந்த இரண்டு இடத்து வைத்தியர்களும் சந்தித்துக் கதைப்பது அபூர்வம். இரண்டு பேருடைய எழுத்தும் ஒன்றாய்ச் சேரும் ஒரே இடம் நோயாளியின் கிளினிக் கொப்பிதான். எல்லாக் கொப்பிகளையும், போடும் எல்லாக் குளிசைகளையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு ஒவ்வொரு முறையும் கொண்டுபோங்கள். எனக்குத் தெரிந்து இதைவிடப் பயனுள்ள ஒரு காரியத்தை நோயாளி தானாகச் செய்ய முடியாது.

மோதல்களில் முதன்மையானது ரிஃபாம்பிசின். ஈரலைத் தூண்டி மற்ற மருந்துகளை வேகமாகக் கழித்துவிடும். கிளிக்லசைட் போன்ற சீனிக் குளிசைகளின் வேலை குறையும், அதனால்தான் பலருக்குத் தற்காலிகமாக இன்சுலின் தொடங்குவார்கள். மெட்ஃபோர்மினுக்கு அந்தளவு பாதிப்பில்லை. இருதய வால்வு மாற்றியவர்கள் இரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் வார்ஃபரினின் பலன் குறைந்து இரத்தம் கட்டியாகலாம். கிட்னி மாற்றியவர் எதிர்ப்பை அடக்க எடுக்கும் டக்ரோலிமஸ் இரத்தத்தில் குறைந்தால் புதிய கிட்னியையே உடம்பு தள்ளிவிடலாம். பிரெட்னிசோலோனின் பலனும் நன்றாகக் குறையும், தொய்வுக்காரருக்கு இழுப்புக் கூடலாம். குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசையையும் கையில் வைக்கும் குச்சியையும் அந்த மாதங்களில் நம்ப முடியாது, இதைப் பெண்களிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். எச்ஐவி மருந்தான டொலுடெக்ராவிரை நாளுக்கு ஒருமுறைக்குப் பதில் இரண்டு முறை கொடுப்பார்கள். தலையில் காயப்பட்டு வலிப்புக்கு ஃபெனிடோயின் எடுப்பவர்கள் வன்னியில் இருக்கிறார்கள். ஐசோனியாசிட் அந்த மருந்தின் அளவை இரத்தத்தில் ஏற்றும், ரிஃபாம்பிசின் இறக்கும், எது வெல்லும் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். தள்ளாட்டமோ புதிய வலிப்போ வந்தால் உடனே போக வேண்டும்.

சீனி வருத்தத்தில் கால் விறைப்பு ஏற்கனவே இருக்கும், ஐசோனியாசிட்டும் அதையே செய்யும். ஆகவே சீனி, கிட்னி, எச்ஐவி உள்ளவர்களுக்கும் குடிப்பவர்களுக்கும் விற்றமின் பி6 சேர்த்துத் தருவார்கள், அதை விட்டுவிட்டு மற்றதைப் போடக் கூடாது. எதாம்புடோல் கண்ணைத் தாக்கலாம், சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாமல் போவது முதல் அடையாளம். கிட்னி பழுதானவர் உடம்பில் அது தேங்கும் என்பதால் டயலிசிஸ் நோயாளிக்கு எதாம்புடோலையும் பைரசினமைட்டையும் கிழமைக்கு மூன்று தரம், டயலிசிஸ் முடிந்த பிறகு கொடுப்பார்கள். மூத்திரம் செம்மஞ்சளாகப் போவது ரிஃபாம்பிசினின் நிறம், பயமில்லை. கண் மஞ்சளாகி, வாந்தியும் வந்து, சாப்பாட்டைக் கண்டாலே வெறுப்பு என்றால் அது ஈரல். குளிசையை நிறுத்திவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அடுத்த கிளினிக் நாள் வரும்வரை இருக்கக் கூடாது.

காசநோய் என்று உறுதியானதும் எச்ஐவிப் பரிசோதனைக்குக் கேட்பார்கள். அது யாருடைய ஒழுக்கத்தையும் பற்றிய சந்தேகம் இல்லை, எல்லோரிடமும் கேட்பது. எச்ஐவி இருந்தால் காசநோய் மருந்தை முதலில் தொடங்கி, பொதுவாக இரண்டு கிழமைக்குள் எச்ஐவி மருந்தையும் தொடங்குவார்கள். மூளையுறையில் காசநோய் என்றால் மட்டும் பிந்தித் தொடங்குவார்கள். எச்ஐவி மருந்து தொடங்கியதும் சிலருக்கு வருத்தம் கூடினதுபோலக் காய்ச்சலும் கட்டி வீக்கமும் வரும். திரும்பி வந்த எதிர்ப்புச் சக்தி கிருமியோடு சண்டை தொடங்கியதால் வருவது அது, மருந்தை நிறுத்தக் கூடாது, வைத்தியர் பார்த்துக்கொள்வார்.

வீட்டில் என்ன செய்வது என்று எல்லோரும் கேட்பார்கள். கோப்பை, உடுப்பு, படுக்கைவிரிப்பால் இது தொற்றாது. ஆளுக்குத் தனிக் கோப்பை வைத்து மூலையில் இருத்துவதால் யாருக்கும் ஒரு பாதுகாப்பும் இல்லை, மனம்தான் உடையும். தொற்றுவது காற்றில், அதுவும் பெரும்பாலும் மருந்து தொடங்குவதற்கு முன். சரியான மருந்து தொடங்கி இரண்டு கிழமையளவில் தொற்றும் தன்மை மிகவும் குறைந்துவிடும். அதுவரை ஆள் வேறு அறையிலோ காற்றோட்டமான விறாந்தையிலோ படுக்கலாம், வீட்டுத்திட்ட வீடுகளின் சின்ன அறைகளில் யன்னலைப் பூட்டிவைக்கும் பழக்கத்தை விடலாம். வீட்டில் உள்ள எல்லோரும் பரிசோதிக்கப்பட வேண்டும். 5 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் எச்ஐவி உள்ளவர்களுக்கும் நோய் இல்லையென்று உறுதியானபின் நோய் வராமல் தடுக்கும் மருந்து கொடுக்கலாம். டயலிசிஸில் இருப்பவர்கள், உறுப்பு மாற்றுக்கு ஆயத்தமாகிறவர்கள், டிஎன்எஃப் அடக்கும் மருந்து தொடங்குகிறவர்கள் ஆகியோருக்கும் உலக சுகாதார நிறுவனம் இதையே சொல்கிறது. பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வீட்டுக்கு வந்தால் அயலட்டைக்குத் தெரிந்துவிடும் என்று பயந்து விலாசத்தை மாற்றிக் கொடுப்பவர்களும் உண்டு. அந்தப் பயத்துக்குக் காரணம் அயலட்டைதான், நோயாளி இல்லை.

6 மாதம் முடிந்து குளிசை நின்ற பிறகும் ஒரு இடறல் இருக்கிறது, இதைப் பலர் சொல்லித்தருவதில்லை. ரிஃபாம்பிசின் நின்று இரண்டு கிழமையளவில் ஈரல் பழைய வேகத்துக்குத் திரும்பிவிடும். ரிஃபாம்பிசினைச் சமாளிக்கக் கூட்டிய சீனிக் குளிசையோ இன்சுலினோ இப்போது அளவுக்கு மிஞ்சியதாகும், சீனி சடுதியாக இறங்கி ஆள் மயங்கலாம். கூட்டிய வார்ஃபரின் இரத்தக்கசிவை உண்டாக்கலாம். ஆகவே கடைசிக் காசநோய்க் குளிசைக்கு முன்பே மற்றக் கிளினிக்கில் ஒரு நாள் எடுத்து வைத்திருக்க வேண்டும். சீனி வருத்தக்காரருக்குக் காசநோய் திரும்ப வரும் வாய்ப்பும் மற்றவரைவிட அதிகம், திரும்புவது பெரும்பாலும் முதல் வருடத்தில். எக்ஸ்ரேயில் பழைய தழும்பு காலத்துக்கும் இருக்கும் என்பதால் அதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இருமலோ மெலிவோ மறுபடி தொடங்கினால் முன்பு காசநோய் இருந்தது என்று சொல்லிச் சளியைக் கொடுங்கள், அந்தத் தரம் சளியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனையையும் கேளுங்கள். இறந்த கிருமியின் மரபணு பலகாலம் சளியில் தங்கியிருக்கலாம், ஜீன் எக்ஸ்பேர்ட் இயந்திரத்துக்கு அதையும் உயிருள்ளதையும் பிரித்தறியத் தெரியாது.